நொச்சிச் சாறும் ஆறு புழுக்களும்

கள்ளிக்குப்பத்தில் இடுப்பளவு வெள்ளம் நின்று வடிந்தது, என் மகனுக்குக் கல்யாணம் ஆனது, நீங்கள் நொச்சியைக் கையில் எடுத்தது, மூன்றும் ஒரே வருடம், மேடம். இன்று காலை சளிக்கு ஆவி பிடிக்க மருமகள் நொச்சியைக் கொதிக்க வைத்தாள். அந்த வாசனையில் உங்கள் ஆய்வுக்கூடமே கண்ணெதிரே வந்து நின்றது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

முதல் நாளே என்னை அண்ணாச்சி என்றீர்கள். "இன்னா மேடம், நான் மளிகக் கடயா வச்சிகினு கீறேன்?" என்றேன். உங்கள் ஊர் திருநெல்வேலிக்கே கேட்கும்படி சிரித்தீர்கள்.

கொசுப்புழு பிடித்து வருவது என் வேலை. டம்ளருக்கு ஓர் இலைச்சாறு ஊற்றி, புழுக்களை விட்டுவிடுவீர்கள். மறுநாள் நான் ஊசியால் தொட்டு, அசையாததை எல்லாம் செத்ததாக எண்ணிச் சொல்ல வேண்டும். எல்லாச் சாறும் ஒரே பச்சை. எது எந்த இலை என்பது ஒட்டிய சீட்டில்தான் இருக்கும்.

"உங்களுக்கு எழுத்து தெரியாதுல்லா அண்ணாச்சி, அதான் எண்ண வச்சிருக்கேன். நான் எண்ணினா என் ஆச குறுக்க வந்துரும்."

எழுத்து தெரியாததற்காக என்னை ஒருவர் மதித்தது அந்த ஓர் இடத்தில்தான். ஆனால் மூக்குக்கு எழுத்து எதற்கு? குனிந்ததுமே நொச்சி எதில் என்று தெரிந்துவிடும். அதை உங்களிடம் சொல்லவே இல்லை.

நொச்சி தேறாவிட்டால் ஆராய்ச்சியையே நிறுத்தச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு போட்டிருந்தார்கள். அன்றைக்கு நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தீர்கள். இருபது புழுவில் ஆறு நெளிந்தன. டம்ளர் கழுவும் மணி எட்டிப் பார்த்து, "இன்னா மாமே, டான்ஸ் ஆடிகினு கீது" என்று காதில் சொன்னான்.

"கம்முனு கெட" என்று அவனை அடக்கிவிட்டு, "இருபதும் காலி மேடம்" என்றேன். நீங்கள் அழுதுவிட்டீர்கள்.

மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா.

அடுத்த வாரம் சரிபார்க்க வந்தவர் புதிதாக இருபது புழு விட்டு, மறுநாள் தானே எண்ணினார். பதினாலுதான் செத்திருந்தது. அப்போதும் நீங்கள் என்னைச் சந்தேகப்படவில்லை. "உங்க எண்ணிக்க தப்பாதுல்லா. நான்தான் சாறு எடுக்கதுல எங்கயோ பிழ பண்ணிட்டேன்" என்று பெட்டி கட்டினீர்கள். ஆவடி ஸ்டேஷனில் அந்தப் பெட்டியை ஏற்றிவிட்டேன். ரயில் நகரும்வரை நின்றும் அந்த ஆறு புழுவைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் இறந்துவிட்டதாகப் போன மாதம்தான் தகவல் வந்தது. தேங்கிய தண்ணீரைக் கண்டால் இன்றும் குனிந்து எண்ணுகிறேன். சரியாகவே எண்ணுகிறேன். கேட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

அந்த ஆறும் நெளிந்ததைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். மணி தை மாதம் கோவில்பதாகையில் செத்துப்போனான். இனி உங்கள் அண்ணாச்சி, இந்தக் கன்னியப்பன் ஒருத்தன்தான்.