இன்றைக்கு யாரும் பறிக்க வேண்டாம்

அக்கா,

காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மருந்து வாடை. எதிரே நம் தோட்டத்தில் ஒருவன் முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு, வீடு துடைக்கிற நிதானத்தில், கீரைப் பாத்திகள் மேல் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தான். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"நிறுத்துப்பா, இது களை இல்ல, கீரை" என்றேன்.

"சங்கத் தலைவருதான் எல்லாத்தையும் அடிக்கச் சொன்னாரு மேடம். நாலஞ்சு நாள்ல வேரோட கருகிடும்" என்றான், ஏதோ நல்ல சேதி சொல்வது போல. அதற்குள் கடைசிப் பாத்தியையும் முடித்திருந்தான்.

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இந்த நகரில் எல்லோருக்கும் நீங்கள் சிஸ்டர், எனக்கு மட்டும் அக்கா. கடலூரில் நர்ஸ் வேலை முடிந்து, சிதம்பரத்துக்கு வெளியே இங்கே குடி வந்தீர்கள். மனை போட்டவர்கள் பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் செங்கல் உடைசலும் டைல்ஸ் துண்டும் மேடாகக் கிடந்தன. மனு எழுதலாம் என்றேன். தாலுகா ஆபீஸில் காலம் தள்ளியவளுக்கு வேறு என்ன தெரியும்? "மனு போட்டா மொளைக்குமாடி?" என்று கேட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தீர்கள். அந்த மேட்டின் மேலேயே வண்டல் மண்ணையும் எருவையும் கொட்டிப் பாத்தி கட்டினோம். அன்று பிடித்த என் இடுப்பு இன்னும் விடவில்லை.

வேலி கிடையாது, பூட்டு கிடையாது. நகருக்கு உள்ளே இருப்பவர்கள் மட்டும் பறிக்கட்டும் என்று நான் சொன்னபோது உங்களுக்குக் கோபம் வந்தது. "யாரு வேணா பறிக்கட்டும். வேரைப் புடுங்காம நுனிய கிள்ளுனா போதும். நாளைக்கு இன்னொருத்தி வருவா இல்ல" என்றீர்கள்.

அந்த வருடத்து மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதே. சேத்தியாத்தோப்பிலிருந்து காய்கறி வண்டி வரவில்லை. மேட்டில் இருந்ததால் தோட்டம் மட்டும் முழுகவில்லை. நான்கு நாட்கள் நகரே முருங்கைக்கீரையையும் பொன்னாங்கண்ணியையும் தின்றது. இப்போது சங்கத் தலைவராக இருக்கிறவர் அன்று முழங்கால் தண்ணீரில் பையோடு வந்து, "சிஸ்டர், கொஞ்சம் ஜாஸ்தியா போடுங்க, வீட்டுல விருந்தாளி இருக்காங்க" என்றார். தின்றது செரித்தவுடன் மறந்துவிட்ட மனுஷன். இப்படிப் பேசினால் என்னை அதட்டுவீர்கள். அதட்ட நீங்கள் இல்லையே.

மருந்தடித்தவனை விட்டுவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரம் பசுமைக் குடியிருப்பு விருதுக்காகப் பார்வையிட வருகிறார்களாம். அதற்குள் எல்லாவற்றையும் வழித்துப்போட்டுப் புல்தரை விரிக்க வேண்டுமாம். "கண்டபடி மொளைச்சிக் கெடந்தா யாரு மார்க் போடுவாங்க?" என்றார். தின்கிற கீரையைக் கொன்றுவிட்டுப் பசுமை விருது வாங்கப் போகிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது? வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மீட்டிங்ல களையை எடுத்துடலாமான்னு கேட்டப்ப நீங்களுந்தான கை தூக்குனீங்க" என்றார்.

தூக்கினேன், அக்கா. ஓரத்தில் மண்டியிருந்த பார்த்தீனியத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். எதை எடுப்பீர்கள், எப்படி எடுப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபீஸில் கேள்வி கேட்டே எல்லோரையும் வதைத்தவள், அன்று அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்த அவசரத்தில் கையைத் தூக்கிவிட்டு எழுந்து போனேன். உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு நாளாவது அவர்களைக் கூப்பிட்டு, இது கீரை, இது களை என்று காட்டியிருக்கக் கூடாதா? கேட்டவர்களுக்கெல்லாம் பறித்துக் கொடுத்ததோடு விட்டுவிட்டீர்கள்.

மருந்து பட்ட கீரை உடனே வாடுவதில்லை. பச்சைப் பசேலென்று நின்றது. மாலையில் நகருக்கு வெளியே பின்தெருவிலிருந்து பெண்கள் பறிக்க வருவார்களே. "இன்றைக்கு யாரும் பறிக்க வேண்டாம்" என்று அட்டையில் எழுதிக் கட்டிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வேலை முடிந்து வந்த ஒருத்தி, வழக்கம்போல முந்தானையை ஏந்திக்கொண்டு பாத்தியில் இறங்கப் போனாள்.

"வேணாம்மா, மருந்து அடிச்சிருக்காங்க."

அவள் கீரையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். "பச்சையாத்தான இருக்குது. சிஸ்டர் இருந்தவரைக்கும் யாரையும் வேணான்னு சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

நான் பொய் சொல்லிக் காவல் காக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நினைக்கட்டும். நாளைக்கும் உட்காருவேன், இலை கருகித் தெரியும்வரை தினமும் உட்காருவேன். உங்கள் தோட்டத்தில் எனக்கு மிஞ்சியிருக்கிற வேலை, வருகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது.