பின்வாங்கிய குதிரை

திபிலிசி,
மார்ச் 1979

என் அன்புத் தோழி லமாராவுக்கு சியாலா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். நான் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

நேற்று சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் தோற்றேன். தேசிய அணியில் என் இடம் போய்விட்டது. அதற்காக ஒரு நாள் அழுதால் தீர்ந்துவிடும். தோற்ற விதத்தைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்குக் கறுப்புக் காய்கள். நம் ரீகா தொடக்க ஆட்டத்தை எடுத்தேன். இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜா பக்கத்து மந்திரியின் சிப்பாயைத் தள்ளியதும் அரங்கமே சலசலத்தது. புத்தகங்கள் இரண்டே வரியில் கேலி செய்து கைவிட்ட தொடக்கமல்லவா? உன் சமையலறையில் பீன்ஸ் உரித்துக்கொண்டே அதற்கு நாம் உயிர் கொடுத்ததும், பெரிய போட்டி வரும்வரை மூச்சு விடக்கூடாது என்று பேசிக்கொண்டதும் உனக்கு மறந்திருக்காது. அதில் ஒரே ஒரு ஓட்டை. முன்னேறிய குதிரையை வெள்ளை பின்னுக்கு இழுத்தால் நம் கதை முடிந்தது. ஜெயிக்கிற நேரத்தில் எவள் பின்வாங்குவாள் என்று நீதான் சிரித்தாய்.

எதிரே இருந்த மாஸ்கோக்காரி ரிம்மா துளிகூட யோசிக்கவில்லை. குதிரையைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போய்விட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஓட்டை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லவில்லை. அப்படியானால் நீ. அதன் பிறகு நான் என்ன ஆடினேன் என்று எனக்கே தெரியாது. லமாரா, உன்னை வாயில் வந்தபடியெல்லாம் மனதுக்குள் திட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல இருவரும் காய்களை மறுபடி அடுக்கி, எங்கே தவறினோம் என்று பார்க்க உட்கார்ந்தோம். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று வெடுக்கென்று கேட்டேன். அவள் சிரித்தாள். “யாருங்க சொல்லிக்கொடுக்கணும்? எங்க அண்ணி லமாரா உங்க ஊர்தான். என்னோட ஆட உக்காந்தா கறுப்புதான் வேணும்பாங்க, எப்பவும் இதே ஆட்டம்தான். வாங்காத அடியா? தோத்துத் தோத்துத்தான் குதிரையப் பின்னால இழுக்கவே கத்துக்கிட்டேன். அதுவும் பலகையைப் பாக்காமலே இந்த அடி அடிக்கிறாங்க” என்றாள்.

ஏன் பார்க்காமல் என்று கேட்டேன். லமாரா என் தோழி என்றும் சொன்னேன். அவள் முகம் மாறியது. “உங்ககிட்ட சொல்லவே இல்லையா? அண்ணிக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சே” என்றாள்.

கையில் இருந்த ராணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்னும் அந்த அதிர்ச்சி போகவில்லை. உன் கடிதங்கள் தட்டச்சில் வர ஆரம்பித்தபோது, மாஸ்கோ போனதும் பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று எல்லோரிடமும் கேலி பேசினேன். ஏனடி மறைத்தாய்? நான் பரிதாபப்படுவேன் என்றா? பரிதாபம் இல்லை, கோபம்தான் வருகிறது. பார்வை போன பிறகும் நம் தொடக்கத்தை மட்டும் விடாமல் ஆடியிருக்கிறாயே, அதை நினைத்தால் அழுகையும் வருகிறது.

பிளம் சட்னி இரண்டு புட்டி எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பப் போவதில்லை. மே விடுமுறைக்கு ரயிலேறி நானே கொண்டு வருகிறேன். வேண்டாம் என்று தட்டச்சு செய்து அனுப்பாதே, நான் படிக்க மாட்டேன்.

இன்னொன்று. குதிரை பின்வாங்கினாலும் கறுப்பு பிழைக்க ஒரு வழி இருக்கிறது. இன்று காலையில் கண்டுபிடித்தேன். இங்கே எழுதமாட்டேன். உன் கணவர் அர்க்காதிதான் இதை உனக்குப் படித்துக்காட்டுவார், தன் தங்கை ரிம்மாவின் காதில் போடாமல் இருப்பாரா? நான் வந்து, உன் விரலைப் பிடித்துக் காயின்மேல் வைத்துச் சொல்கிறேன்.

அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள். ரிம்மாவோடு ஆடினால் வெள்ளையை எடுத்துக்கொள், லமாரா. கறுப்பை நான் வரும்வரை தொடாதே.

உன்,
சியாலா