நீந்திக்கொண்டே நின்றுபோனவன்

என் பிரியமுள்ள தாய்மாமனுக்கு,

முதலில் உட்காருங்கள் மாமா. போன இடத்திலும் ஓரமாக எங்காவது ஒதுங்கித்தான் நின்றுகொண்டிருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். என் மகள் இனியா பிழைத்துக்கொண்டாள். செல்வம் செத்ததற்கு நீங்கள் காரணம் இல்லை என்பதும் அதோடு சேர்ந்தே தெரிந்துவிட்டது. இந்த இரண்டையும் உங்களிடம் சொல்லாமல் என்னால் கடையில் உட்கார்ந்து எண்ணெய் அளக்க முடியவில்லை.

நாம் பேசுவதை நாலு பேர் படிப்பார்கள். அவர்களுக்காகப் பழையதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

செல்வம் என் தம்பி. வடமதுரைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டி அவனுக்கு நீச்சல் பழக்கியது நீங்கள்தான் மாமா. அடுத்த கோடைக்குள் குடுவை இல்லாமலே மேல்படியிலிருந்து குதிக்கப் பழகிவிட்டான். ஒரு சித்திரை மாதக் காலையில் நீங்கள் இருவரும் குளிக்கப் போனீர்கள். அவனைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். தலைகீழாகப் பிடித்துச் சுற்றினார்கள், வயிற்றை அமுக்கினார்கள். தண்ணீர் பேருக்குக்கூட வெளியே வரவில்லை.

"அக்கா, அவன் முங்கல. நீந்திக்கிட்டே வந்தவன் அப்படியே நின்னுட்டான். நான் கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்தேன்" என்று அன்றைக்கு அம்மாவிடம் சொன்னீர்கள். ஊரில் சிலர் கிணற்று முனி அடித்துவிட்டது என்றார்கள். அம்மாவுக்கு முனியின் மேல் நம்பிக்கை கிடையாது. "நீச்சல் தெரிஞ்ச புள்ள எப்படிடா சாவான்? நீ பாக்காம விட்டுட்ட" என்றாள். அதோடு உங்களிடம் பேச்சு நின்றது.

என் சடங்குக்குத் தாய்மாமன் சீரோடு வந்தீர்கள். பச்சை ஓலையும் பட்டுப் பாவாடையும் தட்டுமாகத் தெருமுனையில் நின்றீர்கள். அம்மா உள்ளே விடவில்லை. தூரத்து உறவில் ஒரு மாமாவை உட்காரவைத்து எனக்குக் குடிசை கட்டினார்கள். கல்யாணத்துக்கும் அதே கதை. ஊர் வாயை மூட முடியாமல் நீங்களே ஒட்டன்சத்திரத்துக்குக் குடிபோனீர்கள். சிறுநீரகம் கெட்டு நீங்கள் இறந்துபோனபோதுகூட அம்மா உங்கள் தெரு வரைக்கும் வந்து, பந்தலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

செல்வம் போன பிறகு நீங்கள் எந்தக் கிணற்றிலும் இறங்கவில்லை என்று உங்கள் மனைவி மரகதம் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டதா மாமா? ஒரு கண நேரம் எங்கேயாவது பராக்குப் பார்த்துவிட்டோமோ என்று உங்களையே போட்டு அரித்ததா?

இனி காதைத் திறந்துகொள்ளுங்கள்.

போன வருஷம் பள்ளி விளையாட்டு விழாவில் இனியா ஓடிக்கொண்டிருந்தவள் பாதியில் விழுந்துவிட்டாள். கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. வலிப்பு என்று நினைத்துக் கையில் இரும்பைக் கொடுக்கத் தேடியிருக்கிறார்கள். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்கள் இல்லையா, சாவியோடு விடுவார்களா? விளையாட்டுச் சாமான் அறையின் பூட்டையே கழற்றிக் கையில் திணித்துவிட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது பிள்ளை எழுந்து உட்கார்ந்து, "இது எதுக்கும்மா?" என்று பூட்டைத் தூக்கிக் காட்டினாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. ஓடும்போது விழுந்தாள் என்றதும் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அந்தக் காகிதத்தை ஸ்கேல் வைத்து அளந்தார். இன்னொன்று எடுக்கச் சொல்லி அதையும் அளந்தார். அம்மாவும் என்னோடு அறையில் இருந்தாள்.

"உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராச்சும் திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"என் தம்பி. ஆனா அது கெணத்துல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீச்சல் தெரியுமா அவருக்கு?"

"நல்லாத் தெரியும். கூடப் போன ஆளு கவனிக்காம விட்டுட்டாரு" என்றாள் அம்மா.

"கத்துனாரா? கைகாலை அடிச்சாரா?"

"ஒண்ணுமில்ல. நீந்திக்கிட்டே வந்தவன் அப்படியே நின்னுட்டான்னு அந்த ஆளு சொன்னாரு."

மாமா, உங்கள் வார்த்தையை அம்மா அப்படியே சொன்னாள். இத்தனை வருஷமும் அதை அவள் மறக்கவே இல்லை.

டாக்டரம்மா விளக்கினார். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் இதயம் அடுத்ததற்குத் தயாராக வேண்டுமாம். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நேரம் கொஞ்சம் நீளம். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடும்போது, முக்கியமாக நீந்தும்போது, திடீரென்று தாளம் குலைந்துவிடும். இதயம் நடுங்கும், ரத்தத்தை இறைக்காது. "லோ வோல்டேஜ்ல எங்க செக்கு மோட்டார் உறுமிக்கிட்டே நிக்கும், சுத்தாது. அப்படியா?" என்று கேட்டேன். "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று சிரித்தார்.

முன்பெல்லாம் இப்படிப் போன பிள்ளைகளைத் தண்ணீரில் மூழ்கிச் செத்ததாகவே எழுதி முடித்துவிடுவார்களாம். நீச்சல் தெரிந்தவர் தண்ணீரில் ஏன் சாக வேண்டும் என்று சில ஆராய்ச்சியாளர்கள் விடாமல் கேட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடிப்போய், உயிரோடு இருப்பவர்களின் ரத்தத்தில் மரபணுவைப் படித்திருக்கிறார்கள். பல வீடுகளில் இந்தக் கோளாறு இருந்திருக்கிறது. எங்கோ யாரோ முகம் தெரியாதவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் என் பிள்ளைக்கும் வலிப்பு மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்க வேண்டும்.

"உங்க பையனோட ரத்தம் நம்மகிட்ட இல்ல. நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. உங்க மூணு பேரோட ரத்தத்தையும் பாத்தா கிட்டத்தட்டச் சொல்லிடலாம்" என்று டாக்டரம்மா அம்மாவிடம் சொன்னார்.

முடிவு வருவதற்குச் சில வாரங்கள் ஆயின. அதுவரை இனியா மாடிப்படி ஏறினால் நானும் பின்னாலேயே ஏறுவேன். அம்மா முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு உருவுவாள், உருவினதையே திரும்ப உருவுவாள்.

மரபணுவில் ஒரே மாற்றம் மூன்று பேருக்கும் இருந்தது. அம்மா, நான், இனியா.

"அப்ப எம் புள்ளைக்கு நாந்தான் குடுத்தேனா?" என்று அம்மா கேட்டாள். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டீர்கள்.

"உங்களுக்கும் யாரோ குடுத்ததுதானேம்மா? இது யாரும் கேட்டு வாங்குறதில்ல" என்றார் டாக்டரம்மா.

அம்மா சேலைத் தலைப்பை முறுக்கினாள். "கூடப் போனவன் கொஞ்சம் கெட்டியாப் புடிச்சிருந்தா?"

"இடுப்புல தூக்கி வச்சிருந்தாலும் இது வந்திருக்கும்மா. வெளிய கொண்டாந்து நெஞ்சை விடாம அமுக்கியிருந்தா ஒருவேளை பொழைச்சிருக்கலாம். அந்தக் காலத்துல தோட்டத்துல யாருக்கு அது தெரியும்?"

யாருக்கும் தெரியாதுதான் மாமா. வயிற்றை அமுக்கினோம், எல்லோரும் சேர்ந்துதான் அமுக்கினோம்.

இனியா இப்போது காலையும் மாலையும் மாத்திரை போடுகிறாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. பந்தயமும் நீச்சலும் கூடாது என்றதும் அழுது தீர்த்தாள். பி.டி. வாத்தியார் அவளிடம் விசிலைக் கொடுத்து நடுவராக்கிவிட்டார். இப்போது வீட்டில்கூட அவள் அதிகாரம் தாங்க முடியவில்லை. நானும் அம்மாவும் அதே மாத்திரைதான். மூன்று தலைமுறையும் வரிசையாக நின்று முழுங்குகிறோம், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாத குறைதான். நிம்மதியாகத் தூங்குகிறேன் மாமா. இப்படித் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியவில்லை.

ரத்த உறவு எல்லோரையும் சோதிக்கச் சொன்னார்கள். உங்கள் மகன் கார்த்தி இருக்கிறான், அவனுக்கு நீச்சல் பழகுகிற வயதில் ஒரு பொடியன் இருக்கிறான். நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அம்மா எனக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

பஸ் பிடித்து ஒட்டன்சத்திரம் போனோம். அத்தை கதவைத் திறந்து, "வாங்கண்ணி" என்றதோடு நின்றுவிட்டார். அம்மா உள்ளே போனாள். உங்கள் படத்தைப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்த சொம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மரகதம், என் தம்பி பொய் சொல்லல. நாந்தான் காதுல வாங்கல."

அத்தை, "இதை அவரு இருக்கறப்பச் சொல்லியிருக்கலாமுங்க அண்ணி" என்றார். கோபமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் அடுப்படிக்குப் போய் நானே காப்பி போட்டேன், வேறு என்ன செய்வது?

கார்த்திக்கும் அவன் பொடியனுக்கும் அந்த மாற்றம் இல்லை. சோதனை முடிவைப் போனில் படித்துச் சொன்னபோது கார்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அப்பாவுக்கு இது தெரியுமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு சத்தியம் செய்து தருகிறேன் மாமா. நெஞ்சை எப்படி அமுக்குவது என்று முறையாகக் கற்றுக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பேன், எண்ணெய் வாங்காவிட்டாலும் சரி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செல்வத்தின் கதையைச் சொல்லும் வேலையும் இனி என்னுடையதுதான். கிணற்றிலிருந்து தொடங்க மாட்டேன். "அவன் கூடவே அவன் மாமா இருந்தார்" என்றுதான் தொடங்குவேன்.

நீங்கள் சீர் கொண்டுவந்த உங்கள் அக்கா மகள்,
தனம்