ஓவனுக்கு வடை எண்ணெய்

நவம்பர் 3, திங்கள்
இன்று காலை 6.40 மணிக்கு, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, பேக்கரி ஓவனுக்கு ஊற்றும் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு பயோடீசல் கலப்பது என்று முடிவெடுத்தேன். வரலாற்றாசிரியர்களுக்காக நேரத்தைக் குறித்துவைக்கிறேன்.

வற்புறுத்தியவர் பக்கத்து வீட்டு பிரகதாம்பாள் டீச்சர். மாடியில் காயும் சேலையெல்லாம் எங்கள் புகையில் கறுக்கிறதாம். மனு கொடுக்கப் போகிறார்.

“ஓவனுக்குச் சீல் வச்சிட்டா ரொட்டிய வெயில்லயா காய வைப்பீங்க?” என்றாள் அன்புமொழி. கல்லாவில் இருப்பவள், என் மனைவியும்கூட.

நவம்பர் 4
பயோடீசல் வந்தது. ஓட்டல்களில் வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயைப் பக்குவப்படுத்திச் செய்தது. மெக்கானிக் நாகராசு, “டேங்கக் கழுவிட்டு ஊத்துங்கண்ணே. இது பழைய கசடையெல்லாம் கரைச்சு பில்டருக்குக் கொண்டாந்துரும்” என்றார்.

வருடந்தோறும் ஆயுத பூசைக்குத் துடைத்துச் சந்தனம் வைக்கிறோமே என்றேன்.

“வெளியதானண்ணே?”

அப்படியே ஊற்றினோம்.

நவம்பர் 6
புகை பாதியாகக் குறைந்தது. பன் வேக ஒரு நிமிடம் கூடுதல். புகைக்கூண்டில் வடை வாசனை. திருச்சி பஸ்ஸுக்கு நின்றவர் வந்து, “வடை சூடா இருக்கா?” என்றார். பன் கொடுத்தோம். ஏமாற்றப்பட்டவர்போல மென்றார்.

நவம்பர் 10
டீச்சர் மனு கொடுத்தேவிட்டார். “பொகை கொறஞ்சது நெசந்தான் தம்பி. ஆனா மனு எழுதி முடிச்சிட்டேன். அழகா வந்திருக்கு.”

நவம்பர் 18
விடிகாலை ஐந்துக்கு பில்டர் அடைத்து பர்னர் அணைந்தது. நானூறு பன்னுக்கு மாவு பொங்கிக்கிட்டுக் கெடக்கு — இன்னிக்குன்னு பாத்தா? ஏன் கழுவலை நான்?

பத்து மணிக்கு மனுவை விசாரிக்க அதிகாரி வந்தார். டீச்சர் வீட்டு மாடியில் ஏறி நின்று அரை மணி நேரம் எங்கள் புகைக்கூண்டைப் பார்த்தார்.

“பொகையே இல்லையே.”

“இல்லைங்க” என்றேன். பொய் சொல்லவில்லை.

‘பயோடீசலுக்கு மாறியதால் புகை அறவே இல்லை’ என்று எழுதி மனுவை முடித்துவைத்தார்.

டீச்சர் மட்டும் மூக்கை உறிஞ்சினார். “ரொட்டி வாசனையும் இல்லையே தம்பி.”

மழை வரும்போலிருக்கிறது என்றேன்.

நவம்பர் 19
டேங்கைக் கழுவினோம். பதினோரு வருடக் கசடு, இரண்டு வாளி.

நவம்பர் 21
அதிகாரியின் அறிக்கை பேக்கரி சங்க வாட்ஸப்பில் சுற்றுகிறது. கீரனூரின் மற்ற ஐந்து பேக்கரிகளும் பயோடீசலுக்கு மாறுகின்றன. எல்லாரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். டேங்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சொல்லியிருக்கலாமோ? வாழ்த்துக்கு நடுவில் எப்படி?

டிசம்பர் 5
இன்று கீரனூரில் எங்கள் கடையில் மட்டுமே பன் கிடைத்தது.