‘வீடு’ என்ற புரொஃபைல்

4-3-2025, செவ்வாய்க்கிழமை, காலை 9.15

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். உன் கடிதத்தில் 24-2 என்று தேதி இருக்கிறது. அஞ்சல் முத்திரையோ 27-2 என்கிறது. இடைப்பட்ட மூன்று நாள் அது எங்கே கிடந்தது என்று விளங்கவில்லை. கையெழுத்தும் வரிக்கு வரி சரிகிறது. ஐம்பத்தெட்டு, சரியும் வயதல்ல.

உன் குறையை ஏற்கிறேன். இடம் மாறும்போதெல்லாம் எடிட்டரின் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஒன்பது கட்டங்களை மறுபடி நிரப்புவது தண்டனைதான். ஓர் எடிட்டருக்கு ஓர் இணைப்புப் போதும் என்று ஆறாண்டுகளாகப் பிடிவாதம் பிடித்தவன் நானே. கணினியில் எழுதிச் சேமிப்பதற்காக நான் உருவாக்கிய அந்த எடிட்டரைப் பதினைந்து பேர் பயன்படுத்துகிறார்கள்; சலிக்காமல் குறை சொல்பவள் நீ ஒருத்திதான். “கூடப் பொறந்தவளாவது வாயைத் திறந்து சொல்றாளே” என்கிறாள் உன் அண்ணி.

இனி ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புரொஃபைல். ஒருமுறை நிரப்பிப் பெயரிட்டால், பிறகு பெயரைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே உன் வேலை. ‘வீடு’ என்ற புரொஃபைலை நானே உள்ளே வைத்துவிடுவேன். அதை நீக்க இயலாது. உங்கள் வீட்டுக் கூடத்தில் நான் நிறுவிய சர்வருக்கு அது செல்லும். வேறெந்த சர்வராவது முப்பது விநாடிக்குள் பதில் தராவிட்டால், எடிட்டர் தானாகவே ‘வீடு’ வழியே சென்று, நீ எழுதியதை அங்கே சேமிக்கும். ஒவ்வொரு பிரதியின் தலையிலும் தேதி, மணி, எந்தப் புரொஃபைலிலிருந்து வந்தது என்பது பதிவாகும்.

நீ எடிட்டரைத் திறக்கும் இடங்களையும் நேரங்களையும் எழுதி அனுப்பு.

உன் அண்ணன்

10-3-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். ஒருவழியாக மனமிரங்கினீர்களே! இதோ, கேட்டவை.

செவிலியர் பயிற்சிக் கூடம்: காலை எட்டு முதல் மாலை நான்கு வரை. மருத்துவமனையின் நெட்வொர்க், பாஸ்வேர்டை வாரம் ஒருமுறை மாற்றி உயிரை வாங்குகிறார்கள்.

வீடு.

மற்றது: மாலை ஆறு முதல் காலை ஏழு வரை. சேமிப்பது வாடகை சர்வரில்.

நான் எழுதும் செவிலியர் கைநூலில் ஆறு அத்தியாயங்கள் முடிந்தன. ஜூனில் அச்சுக்குப் போயாக வேண்டும், போகும். “டீச்சர், உங்க புக்கு வர்றதுக்குள்ள நாங்க ரிட்டையரே ஆயிடுவோம்” என்று மாணவிகள் கிண்டல் செய்கிறார்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை

15-3-2025, சனிக்கிழமை, பகல் 11.40

அன்புத் தங்கைக்கு,

உன் பட்டியலில் இரண்டு குறைகள். ‘வீடு’ என்பதற்கு எதிரே நேரமே இல்லை. ‘மற்றது’ என்பதோ ஒரு பெயரே அல்ல. நாளை நான்கு இடங்கள் சேர்ந்தால் நான்கும் மற்றதாகிவிடும். இடத்தை முழுமையாக எழுது: தெரு, மாடி, அடையாளம்.

மாலை ஆறு முதல் காலை ஏழு வரை பதின்மூன்று மணி நேரம். ஒருவர் உறங்கும் இடத்தை ‘மற்றது’ என்று சொல்வதில்லை. எந்தத் தேதியிலிருந்து அங்கே இருக்கிறாய்? என்ன காரணம்?

மாப்பிள்ளையை 9-6-1994 வியாழக்கிழமை அன்று, மூன்று இடங்களில் விசாரித்த பிறகு தேர்ந்தெடுத்தவன் நான். சிறு மனத்தாங்கல் என்றால் பதினைந்து நாளில் தணிந்துவிடும். சற்று அனுசரித்துப் போ. ‘வீடு’ முதல் வரியிலேயே இருக்கட்டும்.

புதிய பதிப்பை 20-ஆம் தேதி வியாழனன்று இறக்கிக்கொள்ளலாம்.

உன் அண்ணன்

29-3-2025

அண்ணா,

ஜனவரி 18 முதல். தேதி போதுமா?

காரணமும் கேட்டீர்கள். கைநூலின் முதல் ஐந்து அத்தியாயங்களின் தாள்களை அவர் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். எடுக்கப் போன என் கையை முறுக்கினார். வலது மணிக்கட்டு முறிந்தது. என் கையெழுத்து சரிந்ததற்கு வயது காரணமல்ல, இடக்கையால் எழுதினேன். முப்பத்தோரு வருடத்தில் இது முதல் தடவையும் அல்ல. நீங்கள் பார்த்துச் செய்த இடம் என்பதால் உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் சொன்னபடியே பெயர் வைத்தேன்: ‘பேருந்து நிலையம் எதிரே, தையல் கடை, இரண்டாம் மாடி’. 26-ஆம் தேதி வாடகை சர்வர் பதில் சொல்லவில்லை. முப்பது விநாடி. என்னைக் கேட்காமல் உங்கள் எடிட்டர் ஏழாம் அத்தியாயத்தைக் கொண்டுபோய் அவர் கூடத்தில் வைத்தது, தலையில் என் முகவரியோடு. மறுநாள் அவர் என் வாசலில் நின்றார்.

“என்ன மகாராணி, இங்கதான் குடித்தனமா? தேடவே வேணாம்னு உங்க அண்ணனே அட்ரஸ் அனுப்பிட்டாரு.”

கீழ்க்கடைத் தையல்காரம்மா கத்திரிக்கோலோடு படியேறி வந்தார். “துணி தைக்க வந்தீங்களா? அளவு கீழதான் எடுப்பேன். இறங்குங்க” என்றார். வாசலில் நின்றவர் இறங்கிப் போனார். திரும்ப வரமாட்டார் என்று என்ன நிச்சயம்?

எடிட்டரை அழித்துவிட்டேன். நான் திரும்பப் போவதில்லை. ‘அனுசரித்துப் போ’ என்று இன்னொரு கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன்.

தங்கை

3-4-2025, வியாழக்கிழமை, காலை 6.05

அன்புத் தங்கைக்கு,

‘அனுசரித்துப் போ’ என்று இதில் எங்கும் இல்லை. மேலே படி.

பிழை என்னுடையது. சர்வரின் பிழையன்று, நெட்வொர்க்கின் பிழையுமன்று. வீடு என்றால் பாதுகாப்பு என்று நானாகத் தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தை உன்னால் நீக்க முடியாதபடி எழுதிவைத்தேன். முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்பும் அதையேதான் செய்தேன்.

இரண்டு நாளாக அமர்ந்து மாற்றியிருக்கிறேன். எடிட்டருக்குள் இனி எந்தப் புரொஃபைலும் முன்கூட்டியே இராது. எதையும் நீக்கலாம். ஓர் இணைப்புக் கிடைக்காவிட்டால் இன்னொன்றுக்குத் தானாகத் தாவாது. எழுதியது உன் கணினியிலேயே நிற்கும், நீ சொல்லும்வரை நகராது. பிரதியின் தலையில் இடத்தின் பெயர் பதியாது. மற்றப் பதினான்கு பேருக்கும் இது என் தவறு என்று எழுதிவிட்டேன்.

அந்த சர்வர் என் பொருள். 7-4 திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நானே சென்று எடுத்து வருவேன். உன் தாள்களையும் துணிமணிகளையும்கூட. உன் அண்ணியும் வருகிறாள். “நீங்க ஒயரைக் கழட்டுங்க, அந்தாளை நான் பாத்துக்கறேன்” என்கிறாள். அங்கிருந்து நேரே வக்கீலிடம் செல்கிறோம். அந்த வீட்டுக்கு உன்னைத் திரும்பப் போகச் சொல்ல இனி எனக்கு வாயில்லை.

மீண்டும் என் எடிட்டரைப் பயன்படுத்துவதும் விடுவதும் உன் விருப்பம்.

உன் அண்ணன்

12-4-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெட்டிகள் மூன்றும் வந்து சேர்ந்தன. அண்ணி எல்லாம் சொன்னாள். அவர் கத்தக் கத்த நீங்கள் ஒவ்வொரு ஒயராகச் சுருட்டிக்கொண்டிருந்தீர்களாம். பொருள்களை ஒப்படைத்ததாக அவரிடம் எழுதி வாங்கி, “தேதி தப்பா போட்டிருக்கீங்க, திருத்துங்க” என்று பேனாவை நீட்டினீர்களாம். நான் சிரித்ததில் தையல்காரம்மா என்னவோ ஏதோ என்று மேலே ஓடிவந்துவிட்டார்.

வக்கீலம்மாவின் மனு தயாராகிவிட்டது. புதன்கிழமை கையெழுத்திடுகிறேன், வலது கையாலேயே.

புதிய பதிப்பை நேற்று இறக்கினேன். கணினியில் தங்கியிருந்த என் பழைய செட்டிங்ஸ் அப்படியே வந்தன, ‘வீடு’ உட்பட. அதைத் தேர்ந்தெடுத்து ‘நீக்கு’ அழுத்தினேன். ‘நீக்கலாமா?’ என்று ஒரே ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்றேன்.

காரணம் கேட்கவில்லை, அண்ணா.

உங்கள் தங்கை