இரண்டாம் பேட்ச் உள்ளே போகவில்லை

மார்ச் 9, திங்கள்

காலை ஒன்பதுக்கே வெயில். வேங்கிக்கால் நிறுத்தத்தில் இறங்கிக் கல்லூரி வாசலுக்கு நடப்பதற்குள் முதுகோடு புடவை ஒட்டிவிட்டது. லேபில் ஒரு ஏசி ஓடுகிறது. இன்னொன்று சொட்டுகிறது. கீழே பக்கெட்.

முதல் பேட்ச் ஒழுங்காக நடந்தது. தொல்லை மதியம் இரண்டேகாலுக்கு. மூன்றாம் ஆண்டு இரண்டாம் பேட்ச் வந்து உட்கார்ந்தது. முப்பத்தாறு கணினிகளில் பதினொன்று உள்ளே விட மறுத்தன. பாஸ்வேர்டு போட்டால் திரை கறுக்கிறது, ஒரு நொடி, மறுபடியும் அதே லாகின் பக்கம். பாஸ்வேர்டு தப்பு என்றுகூடச் சொல்வதில்லை. சொன்னால் சண்டையாவது போடலாம்.

செய்து பார்த்தவை:
- பாஸ்வேர்டு மாற்றினேன். பலனில்லை.
- டிஸ்க் நிறைந்துவிட்டதா? இல்லை, பாதி காலி.
- நெட்வொர்க் கேபிள். சும்மா ஆட்டிப் பார்த்தேன், கோபத்துக்கு.
- என் சொந்தக் கணக்கில் நுழைந்தேன். திறக்கிறது. பதினொன்றிலும்.

கடைசியதுதான் எரிச்சல். மாணவிகளுக்கு ஒவ்வொரு கணினியிலும் ஒரே பொதுக் கணக்கு, இரண்டு பேட்சுக்கும் அதுதான். அது மட்டும் திறக்கவில்லை. "உங்களுக்குத் திறக்குது, எங்களுக்குத் திறக்கலயே மேடம்" என்று பின்வரிசையில் சிரிப்பு.

கடைசியில் எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்தேன். திறந்தன. வகுப்பில் முக்கால் மணி நேரம் போச்சு. ஏன் திறந்தன என்று தெரியாது. தெரியாமல் சரியாவது எனக்குப் பிடிக்காது.

அடுத்த திங்கள் பிராக்டிகல் தேர்வு. வெளியிலிருந்து எக்ஸாமினர் வருகிறார்.

மார்ச் 10, செவ்வாய்

அதே வெயில். இன்று பக்கெட் நிரம்பி வழிந்தது. துடைத்தேன்.

காலை பேட்ச் சுத்தம். மதியம் ஒன்பது கணினி மூடிக்கொண்டன. துறைத்தலைவர் வந்துவிட்டார் (இனி து.த., முழுதாக எழுதப் பொறுமை இல்லை). நேராகப் பதினான்காம் கணினி முன் நின்று, உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஒரே புரோகிராம் நாற்பது முறை ஓடிக்கொண்டிருந்தது. பெயர் 'பவி'.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "சார், பவின்னு நாப்பது ஓடுது" என்று சத்தமாகச் சொன்னேன்.

காலையில் அந்தக் கணினியில் உட்கார்ந்தவள் பவித்ரா. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற பெண். பேசமாட்டாள், முதல் வரிசை, ரெக்கார்டு நோட்டு அச்சடித்தது மாதிரி இருக்கும். அவளைக் கூப்பிட்டார்கள்.

"பிராக்டிகல் புக்ல இருக்கறதத்தான் சார் போட்டேன்" என்றாள்.

"புக்ல நாப்பது தடவ போடச் சொல்லியிருக்கா?" என்றார் து.த.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பயிற்சி எனக்குத் தெரியும். ஒரு புரோகிராம் இன்னொன்றைப் பெற்றுவிட்டுத் தான் செத்துப்போகும், பிள்ளை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அநாதையான அந்தப் பிள்ளையை எந்தப் புரோகிராம் தத்தெடுக்கிறது என்று, தத்தெடுத்ததன் எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான். சும்மா தூங்கிக்கொண்டிருக்கும் நாற்பது குட்டிப் புரோகிராம்களால் ஒரு கணினி படுக்காது. இதைச் சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் து.த. 'வைரஸ்' என்றார். மற்ற எட்டையும் நான் பார்க்கவே இல்லை. வகுப்பு காத்திருந்தது, ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். தடயம் எல்லாம் காலி.

பாட்டரிக்காரர் மதியம் வந்து புது இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். டீ கேட்டார்.

மார்ச் 11, புதன்

தலைவலி. மாத்திரை ஒன்று.

பத்தரைக்கு பவித்ராவின் அம்மா வந்தார். மல்லாட்டை (நிலக்கடலைதான்) பிடுங்குற நேரம், ஆள் கிடைப்பதே கம்மி, வேலையை அப்படியே போட்டுவிட்டு பஸ் பிடித்திருக்கிறார். நகத்தில் செம்மண். து.த. அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

து.த. சொல்லச் சொல்ல பவித்ரா எழுதினாள். கல்லூரிக் கணினிகள் செயலிழக்கும்படி நான் தவறான புரோகிராமை இயக்கினேன், இனி இவ்வாறு செய்ய மாட்டேன், மன்னிக்கவும். கீழே அவள் கையெழுத்து. அம்மா கையெழுத்து. சாட்சி: லேப் இன்சார்ஜ். அது நான்.

போட்டேன். உறுதியாகத் தெரியாது என்று ஒரு தடவை சொன்னேன். து.த. பேனாவை நீட்டியபடியே இருந்தார். பேனாவை வாங்கிக்கொண்டேன்.

திங்கள் வரை அவள் லேபுக்குள் வரக் கூடாது. தேர்வு எழுத விடுவதா என்று பிரின்சிபால் முடிவு செய்வாராம். எழுதாவிட்டால் அரியர், டிகிரி ஒரு வருடம் தள்ளும். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், என்னிடம்: "மெசினு கெட்டுப்போச்சா மேடம்?" இல்லை, சரியாகிவிட்டது என்றேன். "அப்ப பரவால்ல" என்று எழுந்தார். பெண்ணின் பக்கம் திரும்பவே இல்லை.

மதியம். பவித்ரா லேபில் இல்லை. எட்டுக் கணினி மூடிக்கொண்டன.

து.த.விடம் ஓடினேன். "முன்னாடியே ஏதாச்சும் போட்டு வச்சிருப்பா" என்றார். பதினான்காம் கணினி இன்று நன்றாகத் திறந்தது என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார், எனக்குத்தான் ஞாபகமில்லை. கேட்கிற நிலையில் இல்லை.

மார்ச் 12, வியாழன்

மேகம் மாதிரி இருந்தது, ஏமாற்று. மலைமேல் கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான்.

காலையில் லேபைப் பெருக்கும் தேவகி அக்காவிடம் புலம்பினேன். இரண்டு மாதமாக இல்லாதது இந்த வாரம் எங்கிருந்து வந்தது என்று. அவர் துடைப்பத்தை நிறுத்தாமல் சொன்னார்: "முன்னல்லாம் சாப்பாட்டு மணிக்கு நான் மெயின ஆஃப் பண்ணிட்டு அப்புறம் போடுவேன்ல. பாட்டரி வீக்குன்னு. இப்போ புதுசு போட்டாங்க, அணைக்காதன்னு சொல்லிட்டாங்க."

நான்கு நாளாக நான் தலையை உடைத்துக்கொள்கிறேன். இத்தனை நாள் இரண்டு பேட்சுக்கும் நடுவில் தினமும் எல்லாக் கணினிகளையும் ரீஸ்டார்ட் செய்துவந்தது தேவகி அக்கா. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்படியானால் காலை பேட்ச் எதையோ விட்டுவிட்டுப் போகிறது. முதல் பேட்ச் போனதும் எதையும் தொடவில்லை. சாப்பிடவும் போகவில்லை. ஒவ்வொரு கணினியாக, பொதுக் கணக்கின் பேரில் இன்னும் என்னென்ன ஓடுகிறது என்று எண்ணினேன். அநாதைகள். ஒன்றில் எட்டு, ஒன்றில் பதினைந்து, ஒன்றில் இருபத்திரண்டு. மாணவி வெளியேறிவிட்டாள், அவள் பெற்றுப் போட்டவை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன.

சரி, இருக்கட்டும். தூங்கும் பிள்ளைகள். உள்ளே வருகிறவளை ஏன் தடுக்க வேண்டும்?

பொதுக் கணக்கில் நுழைய முயன்றேன். கறுப்பு, திரும்ப லாகின். உடனே என் கணக்கில் போய், நடந்ததெல்லாம் பதிவாகும் லாக் ஃபைலைப் பார்த்தேன். பாஸ்வேர்டு சரி. செஷன் துவங்கியது. அடுத்த வரி: புதுப் புரோகிராம் துவக்க இடமில்லை, தற்காலிகமாக. செஷன் முடிந்தது. மெமரி எக்கச்சக்கமாகக் காலி. பிறகு என்ன இடம்? யார் கணக்கு வைக்கிறார்கள்?

வரம்புகள் எழுதி வைக்கும் ஃபைலைத் திறந்தேன். கடைசியில் ஒரு வரி. பொதுக் கணக்கு ஒரே நேரத்தில் இருநூறு வேலைகளுக்கு மேல் (ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு வேலை) ஓட்டக் கூடாது. அதற்கு மேலே குறிப்பு: 'ஜனவரி. லேப் படுக்காமல் இருக்க. வ.'

வ. என்றால் வனஜா. நான்.

ஞாபகம் வந்தது. ஜனவரியில் ஒரு மாணவி முடிவில்லாமல் பெருகும் புரோகிராம் போட்டு ஒரு கணினி உறைந்துபோனது. அன்றைக்கே எரிச்சலில் இந்த வரியைப் போட்டேன். டெஸ்க்டாப் திறப்பதற்கே நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. மிச்சம் ஏழெட்டுதான். காலையில் ஒருத்தி அதற்கு மேல் அநாதைகளை விட்டுப் போனால் மதியம் வருகிறவளுக்குக் கதவு கிடையாது.

இதோடு முடிந்ததா? இல்லை. வெளியேறியதும் மிச்சம் மீதியைக் கணினியை ஓட்டும் லினக்ஸே துடைத்துவிட வேண்டும், ஏன் துடைக்கவில்லை என்று பார்த்தால், வெளியேறிய பிறகும் பொதுக் கணக்கின் வேலைகள் நிற்கக் கூடாது என்று அமைப்பு. ரெக்கார்டு ஃபைல்கள் சர்வருக்கு நகலாகி முடியட்டும் என்று அமைத்தது. யார்? அதுவும் வ.

எனக்கு மட்டும் அந்த வரம்பு பொருந்தவில்லை, ஏனென்றால் என் கணக்குக்கு நான் வரம்பு போடவில்லை. அதனால்தான் எனக்கு எல்லாம் திறந்தது.

வரம்பைப் பத்து மடங்கு ஏற்றினேன். வெளியேறினால் எல்லாம் துடைக்கப்படும்படி மாற்றினேன். நகல் எடுக்கும் வேலையை மாணவிகள் கணக்கிலிருந்து பிரித்துக் கணினியின் பொறுப்பில் விட்டேன். இரண்டாம் பேட்ச் வந்தது. முப்பத்தாறும் திறந்தன. ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. திறந்தால் யார் சொல்வார்கள்.

சாட்சிக் கையெழுத்து ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஜாஸ்திக் கூட்டம், கோயிலுக்கு.

முதலில் து.த.விடம் சொன்னேன், வரிசையாக, வரம்பு, அநாதைகள், மெயின் சுவிட்ச், என் பெயர். கவனமாகக் கேட்டார், அதை மறுக்க முடியாது. பிறகு:

"இப்போ சரி ஆயிடுச்சுல்ல மேடம்? பொண்ணு எக்ஸாம் எழுதட்டும், நான் சொல்லிடறேன். லெட்டர் அது பாட்டுக்கு ஃபைல்ல கெடக்கட்டும். உங்க பேரும் கெடாது, என் பேரும் கெடாது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் தலையைக்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன். படி இறங்கி லேபுக்கு வந்து உட்கார்ந்தேன். பக்கெட் நிரம்பியிருந்தது. கொட்டிவிட்டு வந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன், ஏழு வரி. கணினிகள் மூடிக்கொண்டதற்குக் காரணம் நான் செய்த அமைப்பு. மாணவி பவித்ரா பாடத்தில் உள்ளதைத்தான் செய்தாள். சாட்சியாக நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

பிரின்சிபால் அம்மா இரண்டு முறை படித்தார். எப்போது தெரிந்தது என்று கேட்டார். நேற்று மதியம் என்றேன். கையெழுத்துப் போடும்போது தெரியுமா என்றார். தெரியாது, ஆனால் தெரியாது என்பது தெரியும் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஃபைலைக் கொண்டுவரச் சொல்லி, மன்னிப்புக் கடிதத்தை உருவி என் கையில் கொடுத்து, "அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடுங்க. உங்களுக்கு என்ன பண்றதுன்னு எக்ஸாம் முடியட்டும், பாக்கலாம்" என்றார்.

து.த. மதியம் முழுக்க என்னிடம் பேசவில்லை. நிம்மதி, ஒரு வகையில்.

மூன்று மணிக்கு பவித்ராவை லேபுக்குக் கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன். கடிதத்தை வாங்கினாள், கிழிக்கவில்லை, நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்தாள். ஏன் நாற்பது முறை ஓட்டினாய் என்று இப்போதுதான் கேட்டேன். செவ்வாய், புதன் எல்லாம் யாருமே கேட்கவில்லை.

"அநாதையோட புது அப்பா நம்பர் ஒண்ணுன்னு வரும்னு புக்ல இருக்கு மேடம். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆயிரத்துச் சொச்சம் வந்துச்சு. நான்தான் தப்பா போட்டுட்டேன்னு திரும்பத் திரும்பப் போட்டேன்."

அவள் பேட்சின் மற்ற முப்பத்தைந்து ரெக்கார்டையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எண் ஒன்று என்றே இருந்தது. புத்தகத்தைப் பார்த்து எழுதியவை. அவளுக்கு வந்ததுதான் சரி. புத்தகம் பழசு. இப்போதெல்லாம் ஒருவர் உள்ளே நுழைந்ததும் அவருடைய செஷனுக்கென்று ஒரு மேலாளர் உருவாகிறது, அநாதைகளை அதுதான் எடுத்துக்கொள்ளும். அவள் பார்த்த எண் அதனுடையது. சொன்னேன். எழுதிக்கொண்டாள். முகத்தில் நான்கு நாளில் முதல் வெளிச்சம், அதற்குத்தான், கடிதத்துக்கு அல்ல.

கிளம்பும்போது வாசலில் நின்றாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்றீங்களா மேடம். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

மார்ச் 14, சனி

துணி துவைத்தேன். போன் செய்தால் போதுமா என்று நாள் முழுக்க யோசனை. இரண்டு தடவை எண்ணை எடுத்து வைத்துவிட்டேன். லேபில் யாராவது ஏதாவது மூடிக்கொண்டது என்று அழைப்பார்களோ என்று வேறு. இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

எட்டரை பஸ். கீழ்பென்னாத்தூரில் இறங்கி ஆட்டோ. வழி கேட்டதில் இரண்டு தவறான திருப்பம். பதினொரு மணிக்கே தரை கொதிக்கிறது.

நிலத்தோரம் புங்க மர நிழலில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பவித்ராவின் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பயந்து. திரும்பவும் ஏதோ என்று நினைத்திருக்கிறார். உட்காரச் சொல்லி நானும் உட்கார்ந்தேன்.

வரம்பு, செஷன் எல்லாம் இங்கே எப்படிச் சொல்வது? பஸ்ஸில் யோசித்தது எதுவும் வாயில் வரவில்லை. "தப்பு என்னோடதுங்க. மெஷின்ல நான் மாத்தி வெச்சது சரியில்ல. உங்க பொண்ணு ஒண்ணும் பண்ணல. சரியாத்தான் பண்ணியிருக்கா, எல்லாரையும்விட. நாளைக்கு எக்ஸாம் எழுதறா" என்றேன்.

செடியை உதறியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கை நின்றது.

"அன்னிக்கி பஸ்ஸ வுட்டு எறங்கினதும் அடிச்சிட்டேன் அவள. ரோட்டுலயே. இவங்கல்லாம் பாத்தாங்க."

மன்னிச்சிடுங்க என்றேனோ, நினைத்தேனோ, தெரியவில்லை.

அவர் திரும்பி மற்ற பெண்களைக் கூப்பிட்டார். "எல்லாம் கொஞ்சம் கிட்ட வாங்க. காலேஜ் மேடம் வந்திருக்காங்க." என்னிடம், "இப்போ எனக்குச் சொன்னத அவங்களுக்கும் சொல்லுங்க" என்றார்.

கையிலிருந்த செடியைக் கீழே வைத்துவிட்டு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.