காற்று ஏறும் வரை

இன்று காலை காபி கலந்துகொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. நாம் இருவரும் பொதுவாக வைத்திருந்த ஷாப்பிங் கணக்கிலிருந்து. நீங்கள் பார்த்துவைத்த ஸ்ப்ரே கன் விலை குறைந்துவிட்டதாம். காருக்குப் பெயிண்ட் அடிக்கிற அந்தக் கன்னின் படமும் கூடவே வந்தது. நீங்கள் ஆன்லைனில் பார்த்துவிட்டுக் கடைக்கு நேரில் போய் வாங்கியது அவர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். "பாத்தீங்களா, அவசரப்பட்டு வாங்கிட்டீங்க" என்று உங்களைச் சீண்ட வாய் வரை வந்துவிட்டது. ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். சோபாவில் நான் மடிக்காமல் போட்டிருந்த துணிதான் கிடந்தது. காபி குடிக்கப் பிடிக்கவில்லை, சிங்க்கில் ஊற்றிவிட்டேன்.

அவசரம் என்பது உங்கள் ஜாதகத்திலேயே கிடையாது. ஒரு மிக்சி வாங்க நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் நான் அம்மியில் அரைத்தே சமையலை முடித்திருப்பேன். அப்படிப்பட்ட மனிதர், சாக்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டிலில் சாய்ந்துவிட்டீர்கள். வாழ்க்கையில் நீங்கள் அவசரப்பட்டது அந்த ஒரு காரியத்தில்தான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நம் நீலக் கார் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கப் போனேன், உங்களுக்கா மறக்கும்! பையனைப் பள்ளிக்கூடத்துக்கும் டென்னிஸுக்கும் ஏற்றிக்கொண்டு அலைந்த கார். நான் பயந்து பயந்து ஃப்ரீவே ஓட்டிப் பழகிய கார். இந்த சுகர் லேண்ட் ஊரின் வெயில் அதைத் தின்றுவிட்டது. பெயிண்டுக்கு மேலே இருக்கும் பளபளப்புப் பூச்சு பானட்டிலும் டிக்கியிலும் கூரையிலும் தோல் உரிகிற மாதிரி உரிந்தது. வீட்டு முன்னால் இப்படி ஒரு கார் நிற்கக்கூடாது என்று நம் குடியிருப்புச் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பாடி ஷாப்பில் கேட்டதற்கு, காரின் விலையைவிடப் பெயிண்டின் விலை அதிகமாக இருந்தது. வீட்டுக்குத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். கராஜ் கதவு திறந்ததும், "நானே அடிச்சிடறேன்" என்றீர்கள். ஆயில் கம்பெனிக் குழாய்களுக்கு வரைபடம் போட்ட கை, பெயிண்ட் அடிக்காதா என்று ஒரு நம்பிக்கை.

கம்ப்ரசர் ஏற்கெனவே இருந்தது. டயருக்குக் காற்று அடிக்க வாங்கிய சின்னது, கையில் தூக்கிக்கொண்டு போகலாம். அதற்குப் பொருத்தமாக, விலையும் கட்டுபடியாகிற மாதிரி ஒரு கன் தேடினீர்கள். எல்லோரும் நட்சத்திரம் அள்ளிக் கொட்டியிருந்த பெரிய கன் ஒன்றுதான் முதலில் வந்தது. இண்டியன் ஸ்டோரில் வாங்கிய மாம்பழப் பெட்டியின் அட்டையைச் சுவரில் சாய்த்துவைத்து அடித்துப் பார்த்தீர்கள். அந்தக் கன் கேட்கிற காற்றை நம் கம்ப்ரசரால் கொடுக்க முடியவில்லை. புகை மாதிரி வரவேண்டிய பெயிண்ட் சொட்டுச் சொட்டாகத் துப்பியது. அட்டை முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், கொஞ்சம் தாமதமாக.

அதற்கப்புறம் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களை மட்டும் படிக்க ஆரம்பித்தீர்கள். "அஞ்சு ஸ்டார் போட்டவன் இன்னும் பெட்டியையே பிரிச்சிருக்க மாட்டான். திட்டறவன்தான் அடிச்சுப் பாத்தவன்." சாப்பிடும்போதும் போன், படுக்கையிலும் போன். "அப்படி என்னதான் பாக்கறீங்க?" என்றால், "கன்னோட மூஞ்சியைப் பாக்கக் கூடாதும்மா, வயித்தைப் பாக்கணும். எவ்வளவு காத்து தின்னும்னு" என்பீர்கள். கடைசியில் கிடைத்தது சின்னஞ்சிறு கன். கொஞ்சம் காற்றுப் போதும் அதற்கு. விலையும் சின்னதுதான். ஆனாலும் நம் கம்ப்ரசருக்கு அதுவே பெரிய தீனி. சிறிது நேரம் அடித்ததும் தொட்டியில் காற்று இறங்கிவிடும். உடனே நிறுத்திவிட்டு, மறுபடி ஏறும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் விசையை அழுத்தினால் போச்சு, மாம்பழ அட்டை கதைதான்.

அந்தக் காத்திருப்பில்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். "ஏம்மா, காத்து ஏறட்டும், வந்து உக்காரு."

கராஜ் வாசலில் இரண்டு மடக்கு நாற்காலி. அந்தக் குட்டி மெஷின் போடுகிற சத்தம் ஊரைக் கூட்டும். எதிரெதிராக உட்கார்ந்தால் ஒரு வார்த்தை கேட்காது. அதனால் நாற்காலிகளை ஒட்டிப்போட்டு, காதோரம் சாய்ந்துதான் பேச முடிந்தது. பேசினோம். எனக்கே நம்ப முடியவில்லை, அவ்வளவு பேசினோம். உங்கள் அப்பா போனபோது கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருந்ததால் ஊருக்குப் போக முடியாமல் போயிற்றே, அன்றைக்கு நீங்கள் வழக்கம்போல ஆபீஸ் போனீர்கள். மனசு கல் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னீர்கள், "ஆபீஸ் போகலம்மா. பார்க்கிங் லாட்லயே கார்ல உக்காந்திருந்துட்டு வந்தேன்" என்று. நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் பெயிண்ட், தின்னர் வாடை. அதற்குள் தொட்டி நிறைந்து கம்ப்ரசர் டக்கென்று நின்றது. நீங்கள் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துபோனீர்கள்.

அதற்கப்புறம் சனிக்கிழமைக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமையே சமையலை முடித்துவைத்தேன். நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ.

பானட் முடிந்தது. டிக்கி அடித்துக்கொண்டிருந்த அன்று, காற்று ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், என் பக்கம் சாய்ந்து, "ரிட்டையர் ஆனப்புறம் நாம ரெண்டு பேரும்... நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தீர்கள். டக். மெஷின் நின்றுவிட்டது. "மிச்சத்தை அடுத்த காத்துல சொல்றேன்" என்று எழுந்துவிட்டீர்கள். டிக்கி முடிவதற்கும் வானம் இருட்டிக்கொண்டு வருவதற்கும் சரியாக இருந்தது. ஈரக் காற்றில் அடித்தால் பெயிண்ட் வெளுத்துவிடும் என்று கூரையை அடுத்த வாரத்துக்குத் தள்ளினீர்கள். சாப்பிடும்போது விடாமல் கேட்டேன். "அது கராஜ்ல பேசற மேட்டர். டாப் அடிக்கறப்ப சொல்றேன், வெயிட் பண்ணு" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரித்தீர்கள். உங்களுக்கு ஒரு விளையாட்டு. நானும் அதை விளையாட்டாகவே விட்டுவிட்டேன்.

அந்த அடுத்த வாரம் உங்களுக்கு வரவில்லை.

எல்லோரும் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். நான் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "ரிட்டையர் ஆனப்புறம் என்ன செய்யப் போறதா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" கோயம்புத்தூரில் உங்கள் அக்காவுக்குத் தெரியவில்லை. ஆபீஸ் நண்பர்களுக்கும் தெரியவில்லை. சான் ரமோனிலிருந்து வந்திருந்த நம் பையன் என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, இட் வாஸ் ப்ராபப்ளி நத்திங்" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான், பாவம். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. ஊருக்குத் திரும்புவதா? கோயில் கோயிலாகப் போவதா? ஒரு தோட்டமா? எதுவாக இருந்தால் என்ன, இனி நடக்கவா போகிறது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் "நாம ரெண்டு பேரும்" என்று ஆரம்பித்த வாக்கியம் அது. அதன் மிச்சம் எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

சங்கத்திலிருந்து மறுபடியும் நோட்டீஸ் வந்தது. "ஜஸ்ட் டொனேட் இட், அம்மா" என்றான் பையன் போனில். நான் மாட்டேன் என்றேன். கூரை மட்டும்தானே பாக்கி. பெயிண்ட் டப்பாவில் கூரைக்கு அளவாக மிச்சம் வைத்திருந்தீர்கள். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு இது தெரியாதா? கூரையை முடித்துவிட்டால் கார் இங்கேயே இருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூரை அடிக்கும்போது சொல்கிறேன் என்றீர்களே, அடித்தால் ஏதோ ஒரு விதத்தில் தெரிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பைத்தியக்கார எண்ணம். சிரிக்காதீர்கள்.

வெயில் நன்றாக இருந்த ஒரு சனிக்கிழமை காலையில் கண்ணாடிகளையெல்லாம் பேப்பர் ஒட்டி மூடினேன். உங்கள் முகமூடியை மாட்டினேன். உள்ளே உங்கள் ஷேவிங் லோஷன் வாசனை அப்படியே இருந்தது. ஸ்டூலில் ஏறி, நீங்கள் செய்கிற மாதிரியே கையை மடக்காமல் ஒரே சீராக இழுத்தேன். பாதிக் கூரை எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா? நீங்கள் பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பீர்கள். அப்போது காற்று இறங்கியது. கம்ப்ரசர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. நிறுத்தவேண்டிய நேரம். இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் உங்கள் நாற்காலி. அதே சத்தம். காதோரம் மட்டும் யாரும் இல்லை. என்னால் உட்காரவே முடியவில்லை. நிறுத்தவேண்டும், காத்திருக்கவேண்டும் என்பதெல்லாம் தெரிந்துதான் எழுந்தேன். தெரிந்துதான் ஸ்டூலில் ஏறி விசையை அழுத்தினேன், விடாமல் அழுத்தினேன். கன் இருமியது. துப்பியது. நன்றாக வந்திருந்த பாதியின் மேலும் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மாம்பழ அட்டையில் பார்த்த அதே அம்மை. டப்பா காலியாகும் வரை அடித்துக்கொண்டே இருந்தேன்.

சத்தம் கேட்டு நம் தெருவில் இருக்கும் மதுரைக்காரர் வந்துவிட்டார், மரவேலை செய்வாரே, அவர்தான். "நீங்களா சிஸ்டர்? சத்தம் கேட்டதும் ஒரு நிமிசம் அவருதான்னு நெனச்சுட்டேன்" என்றார். கூரையைப் பார்த்தார். மெஷினை அணைத்துவிட்டு வந்தார். நான் அவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராண்ணா?"

"ரிட்டையர்மென்ட் பத்தி ஒண்ணும் சொல்லலியே சிஸ்டர்" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "நான் அப்பவே சொன்னேன், ஏங்கிட்ட பெரிய கம்ப்ரசர் சும்மாதான கெடக்கு, எடுத்துக்கங்க, நிறுத்தாம ஒரே நாள்ல முடிச்சுரலாம்னு. மனுசன் கேக்கல. சின்னதே இருக்கட்டும், அது நின்னு நின்னு ஓடுறதாலதான் என் வீட்டுக்காரி பக்கத்துல வந்து உக்காந்து பேசுறான்னாரு" என்றார்.

அவர் போனபிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெரிய கம்ப்ரசர் சும்மா கிடைத்தும் வேண்டாமென்று, இந்தச் சின்னதையே வைத்துக்கொண்டு நின்று நின்று அடித்தது இதற்கா? சொல்லியிருக்கக்கூடாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கராஜும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம், தினமும் வந்து உட்கார்ந்திருப்பேனே! ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேச நமக்கு ஒரு மெஷின் தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. கோபப்பட்டு யாரிடம் போய்ச் சொல்ல?

காரைக் கொடுத்துவிட்டேன். ஏற்றிக்கொண்டு போக வந்தவர் கூரையைப் பார்த்துவிட்டு ஆலங்கட்டி மழையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பளபளவென்று நீங்கள் அடித்த பானட் தெருமுனை வரைக்கும் தெரிந்தது.

கம்ப்ரசரை யாருக்கும் கொடுக்கவில்லை. பையன் கேட்டால் டயருக்கு வேண்டும் என்கிறேன். சனிக்கிழமை காலையில் கராஜ் கதவைத் திறந்து, இரண்டு நாற்காலிகளையும் ஒட்டிப் போட்டுவிட்டு, சுவிட்சைப் போடுகிறேன். அன்றைக்கு உட்கார முடியாதவள், இப்போது அந்தச் சத்தத்தில் உங்கள் பக்கம் சாய்ந்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது. தொட்டி நிறைந்ததும் டக்கென்று நின்றுவிடுகிறது. அப்புறம் தெருவே அடங்கிப்போகிறது. எழுந்து போய் எதை அடிக்க? பெயிண்டும் இல்லை, காரும் இல்லை.

அதனால் குனிந்து, தொட்டிக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து, ஏறிய காற்றையெல்லாம் வெளியே விட்டுவிடுகிறேன். பிறகு திருகை மூடி மறுபடியும் சுவிட்சைப் போட்டுவிட்டு, வந்து உட்காருகிறேன்.

அடுத்த காற்று ஏறுகிறது. மிச்சத்தைச் சொல்லுங்கள்.